நெல் ஜெயராமனுக்கு நாம் திருப்பித் தர வேண்டியது



இன்று டிசம்பர் 6. நெல் ஜெயராமன் மறைந்த நாள். காலையிலிருந்து வாட்ஸ்அப் குழுக்களில் அவர் படம் வந்துகொண்டே இருக்கிறது. கீழே ஒரு வரி அஞ்சலி, அதற்குக் கீழே கைகூப்பிய பொம்மைகள். நானும் ஒரு பொம்மை போட்டேன். போட்ட பிறகு மனசு உறுத்தியது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

அவரைத் தெரியாத பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். திருவாரூர் மாவட்டம் திருத்துறைப்பூண்டி பக்கம் கட்டிமேடு அவருடைய ஊர். பெரிய படிப்பு கிடையாது. பிழைப்புக்கு அச்சகத்தில் வேலை பார்த்தவர். பிறகு நுகர்வோர் இயக்கத்துக்கு வந்தார். 2003இல் நம்மாழ்வார் ஐயா பூம்புகாரிலிருந்து கல்லணை வரை நடந்தபோது கூடவே நடந்தார். வழியில் விவசாயிகள் கொடுத்த சில பழைய நெல் விதைகள்தான் அவருக்கு முதல். அதை வைத்துக்கொண்டு ஊர் ஊராகத் தேடித் திரிந்து 174 பாரம்பரிய நெல் ரகங்களைச் சேர்த்தார். 2006 முதல் ஆதிரெங்கத்தில் ஆண்டுதோறும் நெல் திருவிழா நடத்தினார்.

அந்தத் திருவிழாவில் ஒரு வழக்கம் உண்டு. வருகிற விவசாயிக்கு இரண்டு கிலோ விதைநெல் இலவசம். அடுத்த ஆண்டு அவர் நாலு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். அந்த நாலு கிலோ இன்னும் இரண்டு பேருக்குப் போகும். பத்திரம் கிடையாது, கையெழுத்து கிடையாது. இந்த ஒரு கணக்கில்தான் காட்டுயானமும் மாப்பிள்ளைச் சம்பாவும் கருங்குறுவையும் பூங்காரும் ஆயிரக்கணக்கான வயல்களுக்குத் திரும்பி வந்தன.

2018இல் புற்றுநோய் அவரைப் படுக்கவைத்தது. நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் அவர் ஊர்ப்பக்கத்தைப் புரட்டிப் போட்டபோது அவர் சென்னையில் மருத்துவமனையில் இருந்தார். மூன்று வாரத்தில் போய்விட்டார். வயது ஐம்பதுதான். மருத்துவச் செலவுக்கு நடிகர் சிவகார்த்திகேயன் துணை நின்றார். நல்ல மனசு, வாழ்க. ஆனாலும் கேட்கிறேன். ஊருக்கெல்லாம் விதை கொடுத்தவனுக்கு நோய் வந்தால், ஒரு நல்ல மனசு கண்ணில் பட்டால்தான் வழி பிறக்க வேண்டுமா? பெயர் தெரியாத விவசாயிக்கு யார் வருவார்கள்?

அவர் மறைந்த பிறகு பன்னிரண்டாம் வகுப்புத் தாவரவியல் புத்தகத்தில் அவரைப் பற்றிச் சேர்த்தார்கள். அரசு அவர் பெயரிலேயே மரபுசார் நெல் பாதுகாப்பு இயக்கமும் தொடங்கியது. மகிழ்ச்சிதான். இங்கேதான் ஒரு பழைய வாத்தியாராக நான் ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும்.

முப்பத்தைந்து வருடம் வகுப்பறையில் நின்றிருக்கிறேன். வாய்ப்பாடு சொல்லாத பையனைப் பார்த்து, "படிக்காட்டி மாடு மேய்க்கத்தான் போவே, ஏர் பிடிக்கத்தான் போவே" என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன்! அந்தப் பையனின் அப்பா அந்த நேரம் ஏர்தான் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் கட்டிய வரியும் சேர்ந்துதான் என் சம்பளம். அதெல்லாம் அன்றைக்கு உறைக்கவில்லை. இன்று பாடப்புத்தகத்தில் இருக்கும் ஜெயராமன் என் வகுப்பில் உட்கார்ந்திருந்தால் அவரிடமும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பரமக்குடிக்குக் கிழக்கே எங்களுக்கு நாலு ஏக்கர் மானாவாரி. உடை மரங்களை வெட்டி, மேடு தட்டி, வரப்புப் போட்டு அதை நிலமாக்கியவர் என் பாட்டனார். நம் பக்கம் எல்லாம் புழுதி விதைப்புதானே! புரட்டாசியில் காய்ந்த மண்ணில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்ப்போம். மழை கொஞ்சம் முன்னே பின்னே வந்தாலும் தாங்குகிற சித்திரைக்காரைத்தான் அப்பா விதைப்பார். சிவப்பரிசி. தையில் அறுத்ததும் விதைக்கென்று தனியாக எடுத்துக் காயவைத்து, வேப்பிலை போட்டுக் குலுக்கையில் கொட்டி மூடிவிடுவார். பஞ்ச காலத்தில் வீட்டில் கேழ்வரகுக் கூழுக்கே தடுமாற்றம். அப்போதும் அம்மா அந்தக் குலுக்கையில் கை வைத்ததில்லை. "அது நம்ம சோறு இல்லடா, அடுத்த வருசத்துச் சோறு" என்பார்.

நான் ஆசிரியர் பயிற்சி முடித்து வேலைக்கு வந்தேன். அப்பா 1991இல் காலமானார். அந்த வருடம் விதைப்புக்கு ஆள் இல்லை. எனக்குப் பள்ளிக்கூடம். அடுத்த வருடம் பார்க்கலாம் என்று விட்டேன். குலுக்கையில் இருந்த விதையில் அந்து விழுந்து வீணாய்ப் போனது. பாட்டனார் காலத்திலிருந்து ஒரு வருடம்கூட விடாமல் கைமாறி வந்த விதை என் கையில் முடிந்தது. வெள்ளமோ வறட்சியோ காரணமில்லை, "அடுத்த வருடம் பார்க்கலாம்"தான் காரணம். நிலத்தைச் சீமைக்கருவேலம் எடுத்துக்கொண்டது.

நார்வே நாட்டின் ஸ்வால்பார்டு தீவில் பனிமலையைக் குடைந்து உலகத்து விதைகளையெல்லாம் பாதுகாக்கிறார்கள். 2008இல் திறந்தார்கள். ஆபத்துக் காலத்துக்கு அதுவும் வேண்டும்தான். ஆனால் நம் வீட்டுக் குலுக்கையில் நெல் விதையை ஆண்டுக்கணக்கில் பூட்டிவைக்க முடியாது. விதைத்தால்தான் மிஞ்சும். ஜெயராமன் 174 ரகங்களையும் விவசாயிகளின் வயலில் வைத்ததற்குக் காரணம் அதுதான்.

உடனே சிலர் கேட்பீர்கள்: "பழைய நெல்லில் விளைச்சல் குறைவு சார், காற்றடித்தால் சாய்ந்துவிடும், விவசாயி எப்படிப் பிழைப்பான்?" நியாயமான கேள்வி. அறுபதுகளின் பஞ்சத்தைக் கேட்டறிந்தவன் நான். ஐ.ஆர். 8 வந்து எத்தனையோ வயிறுகளை நிரப்பியதை மறுக்க மாட்டேன். புது ரகம் போடுகிற விவசாயியைத் திட்டுகிற உரிமை, பென்சன் வாங்குகிற எனக்குக் கிடையாது. நாலு ஏக்கரிலும் பழைய ரகமே போடு என்று யாரையும் சொல்லவில்லை. ஐந்து செண்ட் போதும். விதை செத்துப்போகாமல் இருக்க அவ்வளவுதான் வேண்டும். மிச்ச நிலத்தில் அவரவர் பிழைப்பைப் பார்க்கட்டும்.

விலை கிடைக்காது என்பதற்கும் நம் மாவட்டத்திலேயே பதில் இருக்கிறது. ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நம் மக்கள் தலைமுறை தலைமுறையாக விடாமல் பயிரிட்டதால்தான் அது கிடைத்தது. விட்டிருந்தால் குறியீடு கொடுக்க மிளகாய் ஏது?

சொல்வது எளிது என்று எனக்கும் தெரியும். அதனால் இந்தப் புரட்டாசியில் ஒரு காரியம் செய்தேன். ஜேசிபி வைத்து ஐந்து செண்டில் மட்டும் கருவேலத்தை வேரோடு எடுத்தேன். முதுகுளத்தூர்ப் பக்கத்து விவசாயி ஒருவரிடம் இரண்டு கிலோ சித்திரைக்கார் வாங்கி விதைத்தேன். பக்கத்து நிலத்துப் பெரியவர், "என்ன வாத்தியாரே, பென்சன் காசு கூடிப்போச்சா?" என்று சிரித்தார். மறுநாள் அவரே வந்து, நான் விதைத்த லட்சணத்தைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு, சரிசெய்து கொடுத்துவிட்டுப் போனார். இப்போது முழங்கால் உயரம் நிற்கிறது.

மழை கைவிடாமல் தையில் அறுத்தால், நாலு கிலோ விதை கொடுத்தவருக்குப் போகும். மீதியில் ஐந்து பேருக்கு ஆளுக்கு இரண்டு கிலோ தர முடியும் என்று நினைக்கிறேன். பரமக்குடி, முதுகுளத்தூர், கமுதி வட்டாரத்தில் கருவேலம் மண்டிய நிலம் வைத்துக்கொண்டு டவுனில் குடியிருக்கும் நண்பர்கள் கேளுங்கள். முன்னாள் மாணவர்களுக்கு முன்னுரிமை. மாடு மேய்க்கப் போவாய் என்று நான் யாரையெல்லாம் சொன்னேனோ, அவர்களுக்கு முதலில்.

நிபந்தனை ஒன்றுதான். அடுத்த தையில் நாலு கிலோ திரும்பி வர வேண்டும்.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார், பரமக்குடி.