அஞ்சலிப் பேனரில் யார் முகம்?

ஆசிரியருக்கு,

அச்சுத்துறையில் செயற்கை நுண்ணறிவு நுழைவதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். பெரிய அச்சகங்கள் இருக்கட்டும். தாராவி 90 அடி சாலையை ஒட்டிய சந்துகளில் அது எப்போதோ வந்துவிட்டது. கோயில் கொடை, பூப்புனித நீராட்டு, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அங்கே ஃபிளெக்ஸில்தான்.

வசதி உண்டு, மறுக்கவில்லை. ஆதார் அட்டைப் படத்தைக்கூட ஆறடிக்குப் பெரிதாக்கித் தருகிறார்கள். ஆனால் படத்தில் இல்லாத விவரத்தை மென்பொருள் ஊகித்தே நிரப்புகிறது. எங்கள் சித்தப்பாவின் அஞ்சலிப் பேனரில் அம்மைத் தழும்பைக் காணோம், தெற்றுப்பல் நேராகிவிட்டது. "இது யாருப்பா?" என்று கேட்டார் சித்தி. கடைக்காரர் 'குவாலிட்டி' என்றார்!

எழுத்தின் கதி இன்னும் மோசம். படம் வரையும் செயலிகள் பல நேரம் தமிழைக் கோலம்போல வரைந்துவிடுகின்றன. 'ழ'வுக்கு இரண்டு வால். தட்டச்சு செய்த வாசகமும் தப்புவதில்லை. யூனிகோடை 2010-லேயே தமிழக அரசு தரமாக அறிவித்துவிட்டது. இந்தக் கடைகளில் இன்னும் யூனிகோடுக்கு முந்தைய பழைய எழுத்துருக்கள்தான். ஏஐ எழுதித் தருவதை அவற்றில் ஒட்டினால் குப்பையாகிறது. கணினியில் உட்கார்ந்திருக்கும் பையனுக்குத் தமிழ் தெரியாது, அவனைச் சொல்லிக் குற்றமில்லை.

பில்லில் 'டிசைன்' என்று ஒரு தொகை போடுகிறார்களே, அதில் புரூஃப் பார்ப்பவர் கூலியையும் சேர்க்கட்டும். மாநகராட்சித் தமிழ்ப் பள்ளிகளில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் தாராவியிலும் செம்பூரிலும் இருக்கிறார்கள். முகத்தைத் திருத்தினால், அச்சடிக்கும் முன் வீட்டாரிடம் ஒருமுறை காட்டட்டும்.

– ஒரு வாசகர், செம்பூர், மும்பை