கோடு போகாத ஊர்கள்

எங்கள் வீடு வெள்ளவத்தையில், கடற்கரையோரப் புகையிரதப் பாதைக்குப் பக்கத்தில் இருக்கிறது. கோச்சி போகும்போதெல்லாம் ஜன்னல் அதிரும். உம்மும்மாவின் ஊர் அக்கரைப்பற்று. அங்கே கோச்சி இல்லை. இரவு முழுக்க பஸ்ஸில்தான் போகவேண்டும்.

புவியியல் ஒப்படைக்காக இலங்கையின் புகையிரத வரைபடத்தை வரைந்துகொண்டிருந்தேன். பார்த்துக்கொண்டிருந்த உம்மும்மா, “எங்கட ஊரு எங்க மகள்?” என்று கேட்டார். கிழக்கில் என் கோடு மட்டக்களப்போடு நின்றுவிட்டது. அந்தக் கேள்விதான் என்னைத் தேட வைத்தது.

வரைபடம் உள்ளதைக் காட்டுவதற்கு மட்டும் என்று நினைத்திருந்தேன். அது ஆட்களை அழைக்கவும் செய்யும். 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் அரசு புகையிரதக் கம்பனிகளுக்குப் பாதையோரக் காணிகளைக் கொடுத்தது. நோர்தர்ன் பசிபிக் கம்பனிக்கு அந்த உரிமை 1864இல் கிடைத்தது. காணிகளை விற்கவும் பயணிகளைச் சேர்க்கவும் கம்பனிகள் வண்ண வரைபடங்களை அச்சிட்டுப் பரப்பின. அவற்றில் வெறும் நிலமாகத் தெரிந்த இடங்களில் பழங்குடி மக்கள் வாழ்ந்துகொண்டிருந்தார்கள்.

அதே 1864இல், டிசம்பர் 27ஆம் திகதி, கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸவுக்கு நம் நாட்டின் முதல் கோச்சி ஓடியது. 1867இல் பாதை கண்டியை எட்டியது. 1874இல் நாவலப்பிட்டி, 1885இல் நானுஓயா. முதலில் கோப்பியையும் பின்னர் தேயிலையையும் துறைமுகத்துக்குக் கொண்டுவரவே அது மலையேறியது. காங்கேசன்துறைக்குப் பாதை போக 1905 ஆனது, மட்டக்களப்புக்கு 1928. கல்முனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் பொத்துவிலுக்கும் இன்றுவரை இல்லை.

டியூஷன் வகுப்பில் என் பக்கத்தில் இருப்பவள் கொட்டாஞ்சேனைக்காரி, பூர்வீகம் மலையகம். கோப்பிக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து வந்த தன் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தார்கள் என்று அவள் சொன்னாள். அந்த வழியில் நோயாலும் பசியாலும் இறந்தவர்கள் ஏராளம். தோட்டங்கள் அவர்களின் உழைப்பால்தான் வளர்ந்தன. ஆனால் அவர்கள் நடந்த வழிக்கு என் ஒப்படையில் ஒரு கோடும் இல்லை.

பாதை போட்டதைக் குறை சொல்ல நான் வரவில்லை. கோப்பிக்காகப் போட்ட தண்டவாளத்தில்தான் இன்று பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். ஆனால் அன்றைய வியாபாரக் கணக்கு, இன்றும் யார் எளிதாகப் பயணம் போகலாம் என்பதைத் தீர்மானிக்கலாமா? கொழும்பில் படிக்கும் என் மாமியின் மகள், இரவு பஸ்ஸுக்குத் துணை கிடைக்காவிட்டால் விடுமுறைக்கும் ஊர் போவதில்லை. தூரத்தை நினைத்தே மகளைக் கொழும்புக்கு அனுப்பத் தயங்கும் பெற்றோர் கிழக்கில் இருக்கிறார்கள்.

தோழியரே, அடுத்த முறை ஒரு வரைபடத்தை விரிக்கும்போது, இது யாருக்காக வரையப்பட்டது, யாரை விட்டுவிட்டது என்று கேளுங்கள். இந்த இதழை வாசிக்கும் பெற்றோரும் பாதை கேட்டுக் குரல் கொடுக்கவேண்டும்.

மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் வரை என் ஒப்படையில் பென்சிலால் புள்ளிக்கோடு போட்டு, “இன்னும் போடப்படாத பாதை” என்று எழுதிக் கொடுத்தேன். உம்மும்மா அதில் விரல் வைத்துத் தன் ஊரைத் தேடிப் பார்த்தார்.