சட்டிக்குள் நுழைந்த சட்டம்

கோலார் தங்கவயலின் தொழிலாளர் குடியிருப்புகளில் ஞாயிற்றுக்கிழமை என்றால் மாட்டுக்கறிக் குழம்பு. அரைக்கிலோ கறி ஆறு பேருக்குப் போதுமாக வேண்டும். முதிர்ந்த மாட்டின் கறி எளிதில் வேகாது. வெங்காயம், இஞ்சி, பூண்டுடன் வதக்கி, மூடியிட்டு, சிறுதீயில் நெடுநேரம் வைக்க வேண்டும். முக்கால் பதம் வெந்தபின் முள்ளங்கியும் உருளைக்கிழங்கும் சேரும். கறியின் சாறு காயில் இறங்கும். துண்டு குறைவாக விழுந்த தட்டிலும் கறியின் சுவை இருக்கும். இது சமையல் நுணுக்கம் மட்டுமல்ல, கூலிக்கணக்கு.

இக்கணக்கைப் போடுவோர் யார்? 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் சுரங்கம் தொடங்கியபின் வடஆர்க்காட்டிலிருந்து வந்திறங்கிய தமிழ்த் தலித் தொழிலாளரின் வழித்தோன்றல்கள். சாம்பியன் ரீஃபில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கித் தங்கம் எடுத்தவர்களின் பிள்ளைகள். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. இன்று அவர்கள் மாரிக்குப்பத்தில் ரயிலேறி பெங்களூருக்குக் கூலிவேலைக்குச் செல்கின்றனர். ஆட்டுக்கறியின் விலை மாட்டுக்கறி விலையைப் போல் இருமடங்குக்கும் மேல்.

இந்தச் சட்டிக்குள்தான் பாஜக அரசின் 2020ஆம் ஆண்டு பசுவதைத் தடைச் சட்டம் கை நுழைத்தது. 1964ஆம் ஆண்டுச் சட்டம் பன்னிரண்டு வயது கடந்த எருதை அறுக்க அனுமதித்திருந்தது. புதிய சட்டம் அதை ஒழித்தது. பதின்மூன்று வயது கடந்த எருமையை மட்டும் விட்டுவைத்தது. மீறினால் மூன்று முதல் ஏழு ஆண்டு சிறை. ஐம்பதாயிரம் முதல் ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம். உண்பது குற்றம் என்று அச்சட்டம் கூறவில்லை. கூறத் தேவையுமில்லை. அறுப்பவரும், அறுப்புக்கு விற்பவரும், ஏற்றிச் செல்பவரும் குற்றவாளிகளான பின் சட்டி தானே காலியாகும்.

ஏழைகளுக்கு எட்டும் விலையில் கிடைப்பது மாட்டுக்கறியே என்பதை 1958இல் உச்சநீதிமன்றமே ஹனீஃப் குரேஷி வழக்கில் கருத்தில் கொண்டது. உழவுக்குதவாத எருதை அறுப்பதற்கு முழுத்தடை கூடாது என்றது. 2005இல் ஏழு நீதிபதிகள் அமர்வு அந்நிலையை மாற்றியது. இடைப்பட்ட காலத்தில் ஏழை பணக்காரனாகிவிடவில்லை.

காங்கிரஸ் என்ன செய்தது? எருமையை அறுக்கலாமெனில் பசுவை ஏன் அறுக்கக்கூடாது என்று 2023 ஜூனில் அமைச்சர் வெங்கடேஷ் கேட்டார். கேள்வியோடு சரி. ஆட்சி மாறியது, சட்டம் நீங்கவில்லை. தமிழ்நாட்டின் ஆம்பூரில், 2022 மே மாதம் மாவட்ட நிர்வாகம் அறிவித்த பிரியாணித் திருவிழாவிலும் மாட்டுக்கறிக்கு இடமில்லை எனப்பட்டது. எதிர்ப்புக் கிளம்பியபின், மழையைக் காரணம் காட்டி விழாவே ஒத்திவைக்கப்பட்டது. சட்டம் செய்ததை அங்கே கூச்சம் செய்தது.

உணவு உரிமை அடையாள அரசியல், கூலிப் போராட்டமே முதன்மை என்னும் குரல் இடதுசாரி அணிகளுக்குள்ளும் ஒலிக்கிறது. அக்குரல் தவறு. மலிவான புரதத்தைத் தொழிலாளியின் தட்டிலிருந்து பறிப்பது ஒரு கூலிவெட்டு. பறிக்கும் கை சாதியின் கை என்பதால் அது கூலிவெட்டு இல்லையென்று ஆகிவிடாது. மாட்டுக்கறி உண்பதற்கும் தீண்டாமைக்கும் உள்ள தொடர்பை அம்பேத்கர் 1948லேயே நூலாக எழுதி முடித்தார். அதைத் தொழிற்சங்க மேடைக்குக் கொண்டுசெல்லும் வேலைதான் மீதமிருக்கிறது.

குறைந்தபட்சக் கூலி கேட்கும் அதே கோரிக்கைப் பட்டியலில், 2020ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கு என்பதும் இடம்பெற வேண்டும். கூலி உயர்ந்தும் கறி கிடைக்காதெனில் அந்த வெற்றி பாதி வெந்த கறி.