பெயர் தெரியாத எண்ணெயைத் தொட மாட்டோம்



கொழுந்து மடுவத்துத் தராசு எப்படி வேலை செய்கிறது என்று நமக்குத் தெரியும். கிலோ குறைந்தால் அரைப் பேர். கொழுந்து ஈரமென்றால் கழிவு. இப்படி ஒவ்வொரு கிலோவுக்கும் கணக்கு எழுதும் நிர்வாகத்திடம், ஸ்டோர் மூலையில் நிற்கும் ஒயில் பரலில் என்ன இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். "ஹைட்ரோலிக் ஒயில்தான், ஊத்து" என்பார்கள். எந்த வகை? யார் தயாரித்தது? புதிதா, பாவித்ததா? லேபல் கிழிந்துவிட்டது, வாங்கியவர் மாற்றலாகிப் போய்விட்டார் என்பதுதான் பதில்.

டிப்பரையும் டிரக்டர் டிரெய்லரையும் தூக்குவது இந்த ஒயில். பெக்கோவிலும், விறகு பிளக்கும் மெசினிலும், லொறிக்குக் கீழே வைக்கும் ஜக்கிலும் இருப்பது இதுதான். அதை ஊற்றுவதும், சிந்தினால் துடைப்பதும் நம் கைகள். ஒயில் படிந்த கால்சட்டையைப் பிள்ளைகளின் பள்ளிக்கூட உடுப்போடு சேர்த்துத் துவைப்பதும் நம் வீட்டுப் பெண்கள்.

"எண்ணெய் எண்ணெய்தானே, இத்தனை வருசமாக யாருக்கு என்ன ஆனது?" என்று கேட்கிறார்கள்.

எல்லா ஒயிலும் ஒன்றல்ல. ஹைட்ரோலிக் ஒயிலில் மினரல் ஒயிலால் ஆனது உண்டு. தாவர எண்ணெயால் ஆனது உண்டு. தண்ணீரும் கிளைகோலும் கலந்தது உண்டு. தீப்பிடிக்காமலிருக்க பொஸ்பேட் எஸ்டர் என்னும் இரசாயனத்தால் செய்ததும் உண்டு. நிறத்தைப் பார்த்தோ, மோந்து பார்த்தோ, விரலில் தேய்த்துப் பார்த்தோ இவற்றைப் பிரித்தறிய முடியாது. அப்படிச் சோதிப்பவர் தன் உடம்பையே சோதனைக்குக் கொடுக்கிறார்.

கெடுதல் எந்த வழியாக வருகிறது என்றும் தெரிந்துகொள்வோம்.

முதலாவது தோல். தினமும் ஒயில் படும் கையில் வெடிப்பும் சொறியும் கொப்புளமும் வரும். சரியாகச் சுத்திகரிக்கப்படாத மினரல் ஒயில் தோலில் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் வகைப்படுத்தியிருக்கிறது. மண்ணெண்ணெயில் கை கழுவினால் தோலின் காப்பும் போய்விடும். சவர்க்காரமும் தண்ணீருமே போதும்.

இரண்டாவது அமுக்கம். ஹைட்ரோலிக் குழாயில் ஊசித்துளை விழுந்தால் ஒயில் தோலைத் துளைத்து உள்ளே போகும் வேகத்தில் பீறிடும். வெளியே ஒரு முள் குத்திய அடையாளம்தான் தெரியும். முதலில் பெரிய வலியும் இராது. உள்ளே சதை அழுகத் தொடங்கும். பெனடோல் கொடுத்து லயத்துக்கு அனுப்பும் காயமல்ல இது. சில மணித்தியாலங்களுக்குள் சத்திரசிகிச்சை செய்யாவிட்டால் விரலையோ கையையோ இழக்க நேரிடும். எனவே கசிவைக் கையால் தடவித் தேடாதீர்கள். மெசினை நிறுத்தி, அமுக்கத்தை இறக்கிவிட்டுத்தான் கிட்டப் போக வேண்டும். காயம் பட்டவரை உடனே சத்திரசிகிச்சை வசதியுள்ள வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். "அமுக்கத்தில் ஒயில் உள்ளே போய்விட்டது" என்று சொல்லுங்கள். என்ன ஒயில் என்று வைத்தியர் கேட்பார். அப்போது நாம் என்ன சொல்வது?

மூன்றாவது தீயும் விபத்தும். புகார் போலப் பீறிடும் ஒயில் சூடான இடத்தில் பட்டால் பற்றிக்கொள்ளும். அடுப்பு எரியும் ஸ்டோரில் இது சின்ன விசயமல்ல. பிரேக் ஒயில் ஊற்ற வேண்டிய லொறியில் மினரல் ஒயிலை ஊற்றினால் இறப்பர் பாகங்கள் ஊதிப் பிரேக் செயலிழக்கும். அந்த லொறியில், மலை ரோட்டு வளைவுகளில் வருவது நம் ஆட்கள்.

நான்காவது வாய். ஒயிலை யார் குடிக்கப் போகிறார்கள் என்று சிரிக்க வேண்டாம். 1977, 1978ஆம் ஆண்டுகளில் இந்த நாட்டின் தேயிலைத் தோட்டங்களில் இருபதுக்கும் மேற்பட்ட தமிழ்ப் பெண்பிள்ளைகளின் கைகால்கள் பலமிழந்தன. எல்லோரும் அப்போதுதான் வயதுக்கு வந்த பிள்ளைகள். வழக்கப்படி அவர்களுக்குக் கொடுத்த நல்லெண்ணெயில் டிரைகிரெசில் பொஸ்பேட் என்ற நரம்பைக் கெடுக்கும் நஞ்சு கலந்திருந்தது. மினரல் ஒயில் வைத்திருந்த கலன்களில் நல்லெண்ணெயை ஏற்றி வந்ததால் அது கலந்திருக்கலாம் என்று, இதை ஆராய்ந்த வைத்தியர்கள் சேனநாயக்கவும் ஜெயரத்தினமும் 1981இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். அதே இரசாயனம், இயந்திரம் தேயாமலிருக்கச் சில உராய்வு எண்ணெய்களிலும் ஹைட்ரோலிக் ஒயில்களிலும் சேர்க்கப்படுவது.

இத்தனை வருசமாக யாருக்கு என்ன ஆனது என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். ஆனது நம் பிள்ளைகளுக்கு. அந்தப் பிள்ளைகள் ஸ்டோருக்குள் கால் வைத்தவர்களல்ல. கலனில் முன்பு என்ன இருந்தது என்று யாரும் கேட்காததே வினையாயிற்று. இன்றும் வெறும் ஒயில் கேன்கள் லயத்துக்கு வருகின்றன. அவற்றில் தண்ணீர் பிடித்து வைக்கிறோம்.

எல்லா ஒயிலும் நஞ்சு என்று நாம் சொல்லவில்லை. எது நஞ்சு, எது நஞ்சில்லை என்று தெரியாமல் நம்மைத் தொட வைப்பதையே எதிர்க்கிறோம்.

"ஆபத்து மதிப்பீடு செய்து பைலில் வைத்திருக்கிறோம்" என்றும் சொல்லக்கூடும். அந்தப் பைலை விரித்துக் காட்டட்டும். பொருளின் பெயர் என்ற கட்டம் வெறுமையாக இருந்தால் மற்றக் கட்டங்களில் எழுதியதெல்லாம் கதை. பெயர் தெரியாமல் எந்தக் கையுறை சரி, எந்த முதலுதவி சரி என்று எப்படித் தீர்மானித்தார்கள்? தெரியாத பொருளை மிக மோசமான பொருளாகக் கருதி ஒதுக்கி வைப்பதே நேர்மையான மதிப்பீடு.

பெயரில்லாமல் இருப்பதில் நிர்வாகத்துக்கு ஒரு வசதியும் உண்டு. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் நட்டஈடு கேட்டுப் போகும்போது, நோய் வேலையால்தான் வந்தது என்று காட்ட வேண்டும். எந்த ஒயில் என்று தெரியாவிட்டால் எதைக் காட்டுவது? லேபல் கிழிந்த பரல் நம் வழக்கையும் சேர்த்துக் கிழிக்கிறது.

தேயிலை ஸ்டோரும் சட்டப்படி தொழிற்சாலைதான். 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் அதற்கும் பொருந்தும். ஆகவே நாம் கேட்பது சலுகையல்ல.

நமது கோரிக்கைகள்:

1. ஒவ்வொரு பரலிலும் கேனிலும் பெயரும் ஆபத்துக் குறியும் இருக்க வேண்டும். சின்னப் போத்தலுக்கு மாற்றினாலும் அப்படியே.

2. ஒவ்வொரு ஒயிலுக்கும் தயாரிப்பாளர் தரும் பாதுகாப்புத் தரவுத்தாளை வாங்கி, அதன் முக்கிய விடயங்களைத் தமிழில் ஸ்டோர் சுவரில் ஒட்ட வேண்டும்.

3. அடையாளம் தெரியாத ஒயிலைப் பூட்டி வைத்து, ஆய்வுகூடத்தில் சோதிக்க வேண்டும். அல்லது முறைப்படி அகற்ற வேண்டும். அதை அடுப்பில் எரிக்கவோ கானில் ஊற்றவோ கூடாது. அந்தக் கான் நம் பீலித் தண்ணீரில்தான் போய்ச் சேரும்.

4. ஒயிலுக்கு ஏற்ற கையுறை, சவர்க்காரம், உடுப்பு மாற்ற இடம் ஆகியவற்றை நிர்வாகமே தர வேண்டும்.

5. வெறும் கேன்களை லயத்துக்குக் கொடுப்பதையும் விற்பதையும் நிறுத்த வேண்டும்.

நாம் செய்ய வேண்டியதும் உண்டு. தண்ணீரோ சாப்பாட்டுச் சாமானோ வைத்திருக்கும் ஒயில் கேனை இன்றே ஒதுக்குங்கள். தோட்டத் தலைவர்களும் மாதர் தலைவிகளும் ஸ்டோரிலும் வேர்க்சொப்பிலும் பெயரில்லாமல் நிற்கும் பரல்களை எண்ணி, இடத்தையும் திகதியையும் குறித்து, பிரதியை மாவட்டக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள். அந்தப் பட்டியலோடு துரையைச் சந்திப்போம். அங்கே பதில் கிடைக்காவிட்டால் தொழில் திணைக்களத்தின் தொழிற்சாலைப் பரிசோதனைப் பொறியியலாளரிடம் போவோம். தனியாள் மறுத்தால் அவருக்குப் பேர் வெட்டுவார்கள். ஸ்டோர் முழுவதும் சேர்ந்து மறுத்தால் பரலுக்குப் பெயர் வரும்.

முதலில் பெயரை எழுதுங்கள். பிறகு வேலையைச் சொல்லுங்கள்.