சிறுமூளைக் கட்டியும் ஒரு தாள் தமிழும்

எம் கணபதியிற் பட்டறைகள் மிகுதி. நாள் முழுதும் கடைசல் இயந்திரத்தின்முன் நிற்பார்க்கும் வார்ப்படச் சாலையிற் சுமை தூக்குவார்க்கும் முதுகுவலி புதிதன்று. தைலம் தேய்த்துக்கொண்டு மறுநாள் வேலைக்குச் செல்வர். அவ்வலியினூடே பிறிதொரு நோய் மறைந்து வருதலும் அரிதாக உண்டு. அதுபற்றியே ஈண்டுக் கூறப் புகுந்தேன்.

மெடுல்லோபிளாஸ்டோமா என்பது சிறுமூளையில் தோன்றும் புற்றுக்கட்டி. பெய்லி, குஷிங் என்னும் அமெரிக்க மருத்துவர் இருவர் 1925-இல் அதனை விளக்கியுரைத்தனர். பெரும்பாலும் குழந்தைகளையே பற்றுவது. வளர்ந்தோர்க்கு வரும் மூளைக்கட்டிகளுள் இது நூற்றில் ஒன்றினும் குறைவு என்பர். பரவுங்கால் மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்த நீரின் வழியே பரவுவதே இதன் வழக்கம். ஆயினும் மிகச் சிலரிடத்து அவ்வெல்லையைக் கடந்து எலும்பையும் எலும்பு மச்சையையும் நிணநீர்க் கணுக்களையும் சென்று பற்றுகின்றது. அவற்றுள் எலும்பே முதன்மையானது. அறுவையும் கதிர்ச் சிகிச்சையும் முடிந்து, தலையிற் கட்டியின் சுவடும் இன்றி, ஆண்டுகள் பல கழிந்தபின் இடுப்பெலும்பில் அது தலைகாட்டியதுண்டு! மூளைநீரை வயிற்றுக்கு வடிக்கும் குழாய் சிலர்க்கு வழியாகலாம். 2018-இல் வெளிவந்த ஆய்வொன்றோ இக்கட்டியின் அணுக்கள் குருதியிலும் உலவுதலைக் காட்டிற்று.

நம் நாட்டில் மருத்துவத் திறமைக்குக் குறைவில்லை. வேலூரில் ஜேக்கப் சாண்டி 1949-லேயே மூளை அறுவைக்கெனத் தனித்துறை கண்டார். குறைவுபடுவது ஒரு தாள் தமிழ். மருத்துவமனையினின்று வீடு திரும்புவோன் கையிலுள்ள குறிப்புப் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருக்கின்றது. "தலையிற் கட்டி, எடுத்தாயிற்று" என்பதே அவன் அறிந்தது. பல்லாண்டு கழித்து இடுப்பு வலியோடு வேறொரு மருத்துவரிடம் செல்லுங்கால் அவன் தலையைப் பற்றிப் பேசுவானா? தலைக்கும் இடுப்புக்கும் என்ன உறவென்று அவன் எண்ணின், பிழை அவனதன்று.

இவ்வாறு எழுதிக்கொடுத்தால் நோயாளர் வீணே அஞ்சுவர் என்பாருளர். முதுகுவலி பெரும்பாலும் வெறும் முதுகுவலியே என்பதை அத்தாளிலேயே எழுதலாமே. தக்க கலைச்சொல் இல்லை என்பார்க்கு, தமிழ் பயிலும் யானே விடை கூறுவேன்: பெயரை ஒலித்தபடியே தமிழெழுத்தில் எழுதுக, சொல்லாக்கக் குழு கூடும்வரை நோய் காத்திராது. நோயின் பெயர், அறுவை செய்த நாள், கதிர்ச் சிகிச்சையின் அளவு, இவற்றின் கீழே ஒரு வரி: "எலும்பில் புதிதாய்த் தோன்றிய வலி சில வாரங்களாகியும் தணியாவிடின், எம்மருத்துவரிடம் சென்றாலும் இத்தாளைக் காட்டுக."