மனதைப் படிப்பவருக்கு எப்படிப் பரீட்சை வைப்பது?

ஆவடியில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம்.

அப்பா அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிறார். மகள் கல்லூரியில் பி.எஸ்சி. உளவியல் படிக்கிறாள். மனதைப் பற்றிய படிப்பு அது.

பரீட்சை முடிவு வருகிறது. மகளுக்கு 78 மார்க்! வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி.

அன்று மாலை பக்கத்து வீட்டு அம்மாள் வருகிறார்.

"என் பையன் பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று அழுகிறான். நீ மனசைப் பற்றித்தானே படிக்கிறாய்? அவனிடம் கொஞ்சம் பேசிப் பாரேன், அம்மா!" என்கிறார்.

மகள் விழிக்கிறாள். "பயம் என்றால் என்ன?" என்று கேட்டால், 2 பக்கம் எழுதுவாள். ஆனால், அழுகிற பையனிடம் முதலில் என்ன கேட்பது? அது அவளுக்குத் தெரியவில்லை.

அப்படியானால், அந்த 78 மார்க் எதை அளந்தது?

75-ம் 25-ம்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் உள்ள கலைக் கல்லூரிகள் பல, சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை.

அங்கே ஒரு பாடத்துக்கு 100 மார்க். அதில் 75 மார்க், 6 மாதப் பருவத்தின் முடிவில் எழுதும் பரீட்சைக்கு. மீதி 25 மார்க்கைக் கல்லூரியே போடும். 40 மார்க் வாங்கினால் தேறலாம்.

உளவியலில் செய்முறைப் பாடமும் உண்டு. ஆனாலும், பெரும்பகுதி மார்க் 3 மணி நேரம் உட்கார்ந்து எழுதுவதற்குத்தான்.

இதனால் என்ன நடக்கிறது? பருவம் முழுவதும் படிக்காதவர்கள்கூடக் கடைசி 2 நாளில் மனப்பாடம் செய்கிறார்கள். எழுதுகிறார்கள். தேறுகிறார்கள். பிறகு மறந்து விடுகிறார்கள்.

உளவியலே சொன்ன உண்மை

இந்த மறதியைப் பற்றி உளவியலே ஆராய்ந்து இருக்கிறது.

ஜெர்மனியில் எபிங்காஸ் என்ற அறிஞர் இருந்தார். பொருள் இல்லாத அசைகளை அவர் மனப்பாடம் செய்தார். எவ்வளவு நாள் நினைவில் நிற்கிறது என்று தன்னையே சோதித்துப் பார்த்தார். ஒரே நாளில் பெரும்பகுதி மறந்து போயிற்று! 1885-ம் ஆண்டில் இதை அவர் புத்தகமாக வெளியிட்டார்.

2006-ம் ஆண்டில், அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக் என்ற இருவர் மற்றொரு சோதனையை வெளியிட்டார்கள்.

ஒரு கூட்டம் மாணவர்கள், ஒரு பாடத்தை 4 தடவை படித்தார்கள். இன்னொரு கூட்டம், ஒரு தடவைதான் படித்தது. பிறகு 3 தடவை, பாடத்தைப் பார்க்காமல், நினைவில் இருந்ததை எழுதிப் பார்த்தது.

5 நிமிடம் கழித்துச் சோதித்தபோது, திரும்பத் திரும்பப் படித்தவர்களே முந்தினார்கள். அவர்களுக்கு நூற்றுக்கு 83 பங்கு நினைவில் இருந்தது. மற்றவர்களுக்கு 71 பங்கு.

ஒரு வாரம் கழிந்தது. நிலைமை தலைகீழ் ஆயிற்று! படித்துப் படித்துப் பார்த்தவர்களுக்கு 40 பங்குதான் மிஞ்சியது. எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 பங்கு நின்றது.

ஆகவே, பரீட்சை என்பது அளவுகோல் மட்டும் அல்ல. சின்னச் சின்னதாக அடிக்கடி வைத்தால், அதுவே நல்ல படிப்பு!

உளவியல் மாணவர்கள் இதையும் பாடமாகப் படிக்கிறார்கள். படித்து விட்டு, பரீட்சைக்கு முதல் நாள் இரவு கண் விழித்து மனப்பாடம் செய்கிறார்கள்!

பட்டறைப் பரீட்சை

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கடைசல்காரரை எப்படிச் சோதிக்கிறார்கள்?

"லேத் பற்றிக் கட்டுரை எழுது" என்று சொல்வது இல்லை. இரும்புத் துண்டைக் கையில் கொடுக்கிறார்கள். கடைந்து கொடுத்ததை அளந்து பார்க்கிறார்கள்.

உளவியலுக்கும் இப்படிச் சோதனை வைக்கலாம்.

அழுகிற பையனின் கதையை ஒரு தாளில் கொடுத்து, "இவனிடம் என்னென்ன கேட்பாய்? எதை அவசரப்பட்டு முடிவு செய்யக் கூடாது?" என்று கேட்கலாம். பத்திரிகையில் வந்த ஒரு செய்தியைக் கொடுத்து, "இதற்கு ஆதாரம் போதுமா?" என்று கேட்கலாம்.

அமெரிக்க உளவியல் சங்கம், 2013-ம் ஆண்டில், பட்டப் படிப்புக்கு 5 குறிக்கோள்களைச் சொன்னது. பாட அறிவு அதில் ஒன்றுதான். ஆராய்ந்து பார்ப்பது, நேர்மையும் சமூகப் பொறுப்பும், தெளிவாகப் பேசுவதும் எழுதுவதும், தொழிலுக்குத் தயார் ஆவது ஆகியவை மற்ற நான்கு.

ஏன் இப்போது?

உளவியல் இன்று உடல்நலத் துறையோடு சேர்த்துப் பார்க்கப்படுகிறது. மருத்துவம் சார்ந்த தொழில்களை ஒழுங்குபடுத்த, 2021-ம் ஆண்டில் மத்திய அரசு ஒரு சட்டம் கொண்டு வந்தது. அதில் மனநலம் சார்ந்த தொழில்களும் அடங்கும்.

2025-ம் ஆண்டில், பல்கலைக்கழக மானியக் குழு ஓர் உத்தரவு போட்டது. தபால் வழியாகவும் இணைய வழியாகவும் உளவியல் பட்டப் படிப்புக்கு இனி ஆள் சேர்க்கக் கூடாது என்பதே அது.

வகுப்புக்கு வந்தே படிக்க வேண்டும் என்றால், வந்தவர்கள் என்ன கற்றார்கள் என்பதையும் சரியாகப் பார்க்க வேண்டாமா?

மறுபக்கம்

75 மார்க் பரீட்சைக்கும் ஒரு நியாயம் உண்டு. விடைத்தாளைத் திருத்துகிறவருக்கு மாணவியின் முகம் தெரியாது. வேண்டியவர், வேண்டாதவர் என்ற பேச்சுக்கு அங்கே இடம் இல்லை. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு அது பெரிய பாதுகாப்பு.

கல்லூரியே போடும் 25 மார்க்கில்தான் சந்தேகம் எழுகிறது.

ஆகவே, பெரிய பரீட்சையை ஒழிக்க வேண்டியது இல்லை. கேள்விகளை மாற்றினால் போதும். அந்த 25 மார்க்கை, வாரா வாரம் நடக்கும் சின்னச் சோதனைகளுக்குப் பிரித்துக் கொடுக்கலாம். எதற்கு எத்தனை மார்க் என்பதை முன்கூட்டியே எழுதிப் போட்டு விட்டால், சந்தேகமும் குறையும்.

வீட்டிலும் வைக்கலாம்

பெற்றோர்களும் ஒரு பரீட்சை வைக்கலாம். அதற்குப் படிப்பு தேவை இல்லை.

"இந்த வாரம் என்ன கற்றாய்? புத்தகத்தைப் பார்க்காமல் எனக்குப் புரியும்படி சொல்" என்று கேட்டால் போதும். சொல்லச் சொல்ல, பாடம் மனதில் பதியும்.

அப்படிப் படித்த பெண், பக்கத்து வீட்டு அம்மாளிடம் விழிக்க மாட்டாள்.

"பள்ளிக்கூடத்தில் என்ன நடந்தது என்று அவனை அதட்டாமல் கேளுங்கள். வாத்தியாரையும் போய்ப் பாருங்கள். நான் இன்னும் மாணவிதான். அழுகை நிற்காவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள்" என்பாள்.

தனக்குத் தெரிந்தது எது, தெரியாதது எது என்று அவள் அறிந்து இருக்கிறாள். அதற்குத்தான் முதல் மார்க் கொடுக்க வேண்டும்!