மறதிநோய் உள்ள முதியவர் காணாமல் போனால்: இருக்கும் அரசு அமைப்புகளும் குடும்பம் செய்ய வேண்டியவையும்

இந்தியாவில் 60 வயதைக் கடந்தோரில் 7.4 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேர், டிமென்ஷியா எனப்படும் மறதிநோயுடன் வாழ்கின்றனர் என்று 2023-இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வொன்று மதிப்பிட்டது. அவர்களுள் பலர் நோயின் ஏதேனும் ஒரு கட்டத்தில் வழி தவறுகின்றனர். பலர் அக்கம்பக்கத்தாரால் உடனே அழைத்து வரப்படுகின்றனர். சிலர் தொலைவில் கண்டெடுக்கப்படுகின்றனர். சிலர் திரும்புவதே இல்லை.

இத்தகைய முதியவர்களைக் கண்டுபிடிக்க அரசுத் திட்டம் ஏதேனும் உள்ளதா என்று பராமரிப்பாளர்கள் கேட்பதுண்டு. காவல்துறை, உதவி எண்கள், மருத்துவமனை, சட்டம் எனப் பல அமைப்புகள் உள்ளன. ஆனால் அவை தனித்தனியே இயங்குகின்றன. அவற்றை ஒன்றோடொன்று இணைப்பது, பெரும்பாலும், குடும்பம் தரும் தகவலே. அத்தகவல் எவ்வளவு விரைவாகவும் தெளிவாகவும் கிடைக்கிறது என்பதைப் பொறுத்தே தேடுதலின் முடிவு அமைகிறது.

அவர்கள் ஏன் செல்கின்றனர்?

மறதிநோயில் அண்மைக்கால நினைவுகள் முதலில் அழிகின்றன. பழைய நினைவுகள் நெடுநாள் நீடிக்கின்றன. ஆகவே வெளியே செல்லும் முதியவர் நம் பார்வையில் நோக்கமின்றித் திரிபவராகத் தோன்றினாலும், அவர் மனத்தில் பெரும்பாலும் ஓர் இடம் இருக்கும். பூ வியாபாரம் செய்தவர் விடியுமுன் எழுந்து நிலக்கோட்டைச் சந்தைக்குப் புறப்படலாம். பூட்டுப் பட்டறையில் உழைத்தவர் மூடப்பட்டுவிட்ட பட்டறையைத் தேடலாம். சின்னாளபட்டியில் தறி நெய்தவர் பாவு வாங்கச் செல்லலாம். மணமாகி வந்த மூதாட்டி தாய்வீட்டுக்கு நடக்கலாம். மாலை மங்கும் நேரத்தில், சொந்த வீட்டிலேயே அமர்ந்துகொண்டு "வீட்டுக்குப் போக வேண்டும்" என்று சொல்வது இந்நோயின் பொதுவான அறிகுறி.

இதுவரை தெளிவாக இருந்தவர் ஓரிரு நாட்களில் திடீரெனக் குழப்பமடைந்து வெளியேறினால், அதை மறதிநோய் என்று மட்டும் கருதிவிடக் கூடாது. சிறுநீர்த் தொற்று, உடலில் சோடியம் குறைதல், சர்க்கரை அளவு தாழ்தல், புதிதாகத் தொடங்கிய மருந்து ஆகியவையும் காரணமாகலாம். அவருக்கு அன்றே மருத்துவப் பரிசோதனை தேவை.

திண்டுக்கல்லின் நிலவியல்

திண்டுக்கல் ஒரு சந்திப்பு நகரம். ரயில் நிலையத்திலிருந்து மதுரை, திருச்சிராப்பள்ளி, கரூர், பழனி என நான்கு திசைகளில் பாதைகள் பிரிகின்றன. பழனிப் பாதை பாலக்காடு வரை செல்கிறது. 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை மாவட்டத்தின் வழியே செல்கிறது. காமராஜர் பேருந்து நிலையத்திலிருந்து எல்லாத் திசைகளுக்கும் பேருந்துகள் உள்ளன. 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிப் பயணிக்கலாம் என்பதால், கையில் காசில்லாத மூதாட்டியும் பல கிலோமீட்டர் சென்றுவிட இயலும். ஆகவே காலையில் காணாமல் போனவர் மாலைக்குள் வேறு மாவட்டத்திலோ கேரளத்திலோ இருக்கலாம்.

மறுபுறம், வேடசந்தூர், சாணார்பட்டி, ஆத்தூர், நிலக்கோட்டை வட்டாரச் சமவெளிகளில் திறந்த பாசனக் கிணறுகளும் குளங்களும் கண்மாய்களும் உள்ளன. காணாமல் போனவர் வெகுதொலைவு செல்லாமல், வீட்டருகே உள்ள தோட்டத்திலோ புதரிலோ விழுந்து, அழைத்தாலும் குரல் கொடுக்க இயலாத நிலையில் கிடக்கக் கூடும். எனவே அருகிலும் தொலைவிலும் ஒரே நேரத்தில் தேட வேண்டும். ஒரு குடும்பத்தால் மட்டும் இது இயலாது. காவல்துறையை உடனே நாட வேண்டியதற்கு இதுவே காரணம்.

இப்போதுள்ள அமைப்புகள்

முதலாவது, காவல் நிலையம். "24 மணி நேரம் கழித்து வாருங்கள்" என்ற விதி எதுவும் சட்டத்தில் இல்லை. தமிழ்நாட்டில் காணாமல் போனோர் குறித்த புகார்கள் வழக்காகப் பதியப்படும் நடைமுறை உள்ளது. முதல் தகவல் அறிக்கையின் நகலையோ மனு ஏற்புச் சீட்டையோ கேட்டுப் பெறுங்கள். பதிவு செய்த பின் விவரங்கள் காவல்துறையின் கணினி வலையமைப்பில் சேர்கின்றன. மாநிலக் காவல்துறையின் இணையச் சேவைத் தளத்தில் காணாமல் போனோர் பட்டியலையும் அடையாளம் தெரியாத உடல்களின் பட்டியலையும் பொதுமக்களே தேடிப் பார்க்கலாம். புகார் பெறப்படாவிட்டால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்தை அணுகுங்கள்.

இரண்டாவது, உதவி எண்கள். அவசரத்துக்கு 100 அல்லது 112. ரயிலிலோ ரயில் நிலையத்திலோ இருக்கக் கூடும் என்றால் 139. முதியோருக்கான தேசிய உதவி எண் 14567 கட்டணமற்றது. ஆதரவற்ற நிலையில் காணப்படும் முதியவர்களை மீட்பதும் அதன் பணிகளுள் ஒன்று. ஆனால் அது காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை மட்டுமே இயங்குகிறது. இரவில் காணாமல் போனால் 14567-க்காக விடியும்வரை காத்திருக்க வேண்டாம், 100-ஐயே அழையுங்கள்.

மூன்றாவது, மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017. இதைப் பலர் அறிவதில்லை. நினைவாற்றலையும் இடம்-காலம் அறியும் திறனையும் பெரிதும் பாதித்து, அன்றாட வாழ்வைக் குலைக்கும் கோளாறுகளும் இச்சட்டத்தின் வரையறைக்குள் வருகின்றன. தம்மைத் தாமே பார்த்துக்கொள்ள இயலாத நிலையில் அலைந்து திரிபவரைக் காவல்துறை பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவ நிலையத்துக்கு மதிப்பீட்டுக்காகக் கொண்டு செல்ல வேண்டும் என அதன் 100-ஆவது பிரிவு கூறுகிறது. எக்காரணத்தாலும் அவரைக் காவல் நிலைய அறையிலோ சிறையிலோ அடைக்கக் கூடாது. காணாமல் போனவர் என முதல் தகவல் அறிக்கை பதிந்து, குடும்பத்தைத் தேடித் தகவல் தெரிவிப்பதும் நிலையப் பொறுப்பு அலுவலரின் கடமை.

இதன் பயன் என்ன? உங்கள் தந்தை வேறொரு மாவட்டத்தில் கண்டெடுக்கப்பட்டால், அவர் அங்குள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டிருக்க வாய்ப்புண்டு. ஆகவே தேடும்போது, வழித்தடத்தில் உள்ள அரசு மருத்துவமனைகளின் அவசரப் பிரிவையும் மனநலப் பிரிவையும் விசாரியுங்கள். பெயர் தெரியாத நோயாளியாக அனுமதிக்கப்பட்டவர் எவரேனும் உள்ளனரா என்று கேளுங்கள்.

இடைவெளி எங்கே?

குழந்தைகள் காணாமல் போனால் கட்டாயம் வழக்குப் பதிய வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2013-இல் உத்தரவிட்டது. 2015-இல் அவர்களுக்கெனத் தனி இணையத்தளமும் தொடங்கப்பட்டது. மறதிநோயுள்ள முதியவர்களுக்கு இத்தகைய சிறப்பு ஏற்பாடு அமையவில்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கை காணாமல் போனோரைக் குழந்தைகள், பெரியவர்கள், ஆண், பெண் எனப் பிரிக்கிறதே அன்றி, அவர்களுள் மறதிநோயாளர் எத்தனை பேர் என்று காட்டுவதில்லை. எண்ணிக்கை தெரியாதபோது, அதற்கேற்ற திட்டம் வகுப்பதும் கடினமாகிறது.

ஜப்பானில் இவ்வெண்ணிக்கை ஆண்டுதோறும் வெளியிடப்படுகிறது. 2023-இல் மறதிநோயுள்ள அல்லது இருப்பதாகக் கருதப்பட்ட 19,039 பேர் காணாமல் போனதாகப் பதிவாயிற்று. 500-க்கும் மேற்பட்டோர் உயிரற்ற நிலையில் கண்டெடுக்கப்பட்டனர். அந்நாட்டின் குஷிரோ நகரில் 1994 முதல், ஒருவர் காணாமல் போனதும் காவல்துறை, டாக்சி நிறுவனங்கள், உள்ளூர் வானொலி ஆகியவற்றுக்குத் தகவல் பரவும் வலையமைப்பு உள்ளது. ஓமுட்டா நகரில் 2004 முதல் பொதுமக்களைக் கொண்டு தேடுதல் ஒத்திகை நடத்தப்படுகிறது. தென்கொரியாவில் 2012 முதல் மறதிநோயாளரின் விரல்ரேகையையும் புகைப்படத்தையும் காவல்துறையிடம் முன்கூட்டியே பதிந்து வைக்கலாம். அமெரிக்காவின் பல மாநிலங்களில் நெடுஞ்சாலை மின்பலகைகள் வழியே எச்சரிக்கை விடுக்கப்படுகிறது.

நம் நாட்டில் ஆதார் இருக்கிறதே என்று தோன்றலாம். ஆனால் ஆதாரின் விரல்ரேகை, கருவிழிப் பதிவுகளைப் பகிர்வதற்குச் சட்டம் தடை விதிக்கிறது. காவல் நிலையத்தில் ஒருவரின் விரலை வைத்துப் பெயரைத் தேட இயலாது.

இங்கிலாந்தில் உள்ள ஏற்பாடு மிக எளியது. நார்மண்டிப் போரில் பங்கேற்ற ஜார்ஜ் ஹெர்பர்ட் என்பவர் முதுமையில் மறதிநோயுற்று, சிறுவயதில் வாழ்ந்த வீட்டைத் தேடிச் சென்றபோது இறந்தார். அவர் பெயரால் அமைந்த 'ஹெர்பர்ட் நெறிமுறை' ஒரு படிவம் மட்டுமே. குடும்பத்தார் அதை முன்னதாகவே நிரப்பி வைத்து, ஆபத்து நேரத்தில் காவலரிடம் கொடுக்கின்றனர். இதற்கு அரசாணையோ செலவோ தேவையில்லை. இன்றே உங்கள் வீட்டில் தொடங்கலாம்.

இன்றே எழுதி வைக்க வேண்டியவை

ஒரு தாளில் பின்வருவனவற்றை எழுதி, இரண்டு பிரதிகள் எடுத்து வையுங்கள்.

• பெயர், வீட்டில் அழைக்கும் பெயர், வயது, உயரம், தழும்பு, மச்சம் போன்ற அடையாளங்கள், பேசும் மொழி.
• ஆறு மாதங்களுக்குள் எடுத்த முகப் படமும் முழு உருவப் படமும். இளமைக்காலப் படம் பயன்படாது.
• பிறந்த ஊர், பழைய வீடுகள், வேலை செய்த இடம், வழக்கமாகச் செல்லும் கோயில், பள்ளிவாசல் அல்லது தேவாலயம், உறவினர் ஊர்கள்.
• முன்பு வழி தவறியிருந்தால் கண்டெடுக்கப்பட்ட இடம்.
• நோய்களும் மருந்துகளும். குறிப்பாக இன்சுலின், வலிப்பு மருந்து.
• எதற்கு அஞ்சுவார், என்ன சொன்னால் அமைதியடைவார்.

மருத்துவச் சீட்டில் 'மறதிநோய்' என எழுத்தில் பதியச் சொல்லுங்கள். "வயதானவர், கோபித்துக்கொண்டு போயிருப்பார்" என்று புகார் தள்ளிவைக்கப்படாமலிருக்க அச்சீட்டு உதவும். நோய் இன்னும் உறுதி செய்யப்படவில்லை எனில் திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையையோ மாவட்ட மனநலத் திட்டத்தையோ அணுகுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வரும் தன்னார்வலரிடமும் சொல்லி வையுங்கள். ஊரை நன்கறிந்த அவரால் செய்தியை விரைந்து பரப்ப முடியும்.

உடையின் உட்புறத்தில் துணியில் எழிய மையால் இரண்டு தொலைபேசி எண்களை எழுதுங்கள். கியூஆர் பதக்கமும் இடங்காட்டும் கைக்கடிகாரமும் உதவும். 2023-இல் மும்பையில் காணாமல் போன, அறிவுசார் குறைபாடுள்ள சிறுவன் ஒருவன் கழுத்திலிருந்த கியூஆர் பதக்கத்தால் குடும்பத்திடம் சேர்ந்தான். ஆயினும் கைக்கடிகாரம் மின்னேற்றம் தீர்ந்து அணையலாம். அவரே கழற்றி வைக்கலாம். எண்ணை எழுத்தாகவும் வைத்திருப்பதே பாதுகாப்பு. பழனித் தைப்பூசம் போன்ற கூட்டங்களுக்கு அழைத்துச் செல்லும்போது, அன்று உடுத்திய உடையுடன் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பயத்தினால் அவரைக் கட்டி வைக்கவோ தனியே பூட்டிவிட்டுச் செல்லவோ வேண்டாம். சங்கிலியால் பிணைப்பதை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. தீ விபத்து நேர்ந்தால் பூட்டிய கதவு உயிரைப் பறிக்கும். கதவில் மணி கட்டுவதும், காலையில் துணையோடு ஒரு நடை அழைத்துச் செல்வதும் மேலானவை.

முதல் ஒரு மணி நேரம்

வீடு, மாடி, கழிப்பறை, தோட்டம், கிணறு ஆகியவற்றைப் பதினைந்து நிமிடங்களில் பாருங்கள். காணவில்லையெனில் 100-ஐ அழையுங்கள். ஒருவர் தாளுடன் காவல் நிலையம் செல்லட்டும். இன்னொருவர் பேருந்து நிலையத்துக்கும் ரயில் நிலையத்துக்கும் செல்லட்டும். ஒருவர் வீட்டிலேயே இருக்க வேண்டும். அவர் தாமே திரும்பக் கூடும். கண்காணிப்புக் கேமரா உள்ள கடைகளில் பதிவைக் காட்டக் கேளுங்கள். சமூக ஊடகத்தில் படமும் தொடர்பு எண்ணும் போதும். ஆதார் எண்ணைப் பகிராதீர்கள். கிடைத்தவுடன் அச்செய்தியையும் பகிருங்கள்.

"பெற்றவரைக் கவனிக்கவில்லை என்பார்களே" என்ற கூச்சத்தால் பலர் புகாரைத் தள்ளிப்போடுகின்றனர். மூத்த குடிமக்களைக் கைவிடுவதே 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். நோயினால் வழி தவறியவரைத் தேடுவது குற்றமன்று. கூச்சத்தில் கழியும் ஒவ்வொரு மணி நேரமும் தேட வேண்டிய வட்டத்தைப் பெரிதாக்குகிறது.

வழியில் ஒருவரைக் கண்டால்

வெயிலில் நிற்கும், இடம் புரியாத முதியவரைக் கண்டால் எதிரே வந்து நின்று, "ஐயா", "அம்மா" என்று அழைத்துப் பேசுங்கள். நிழலில் அமரச் செய்து தண்ணீர் கொடுங்கள். அவர் சொல்வதை மறுத்து வாதிடாதீர்கள். 100 அல்லது 14567-க்குத் தெரிவித்து, உதவி வரும்வரை உடனிருங்கள். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, கோயிலுக்கு வந்த 65 வயதுப் பெண் ஒருவர் குழந்தை கடத்துபவர் என்ற வதந்தியால் அடித்துக் கொல்லப்பட்டார். தன்னைப் பற்றி விளக்கிச் சொல்ல இயலாத மறதிநோயாளருக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

திரும்பி வந்த பின்

அவரைத் திட்டாதீர்கள், ஏன் திட்டுகிறீர்கள் என்பது அவருக்கு விளங்காது, அச்சம் மட்டுமே தங்கும். நீரிழப்பு, காயம், தலையில் அடி உள்ளனவா என அன்றே மருத்துவமனையில் காட்டுங்கள். காவல் நிலையத்தில் தெரிவித்து வழக்கை முடியுங்கள். கண்டெடுத்த இடத்தைத் தாளில் சேருங்கள். மறுமுறை சென்றால் அங்கேயே செல்லும் வாய்ப்பு அதிகம். உங்கள் மனச்சோர்வுக்கு 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் ஆலோசனை பெறலாம். அது பராமரிப்பாளர்களுக்கும் உரியது.